நாலாவது உலை

திருவெறும்பூரில் என் தங்கை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் எறும்பீசர் கோயில் குன்று தெரியும். தேவர்கள் எறும்பு உருவம் எடுத்து ஈசனைப் பூஜித்த இடம் என்பது ஸ்தல புராணம். இன்று அந்த ஊருக்குச் சோறு போடுவது பாய்லர் தொழிற்சாலை. 1965-இல் அங்கே உற்பத்தி தொடங்கிய பிறகு அதை நம்பிச் சுற்று வட்டாரத்தில் சின்னச் சின்னப் பட்டறைகள் எத்தனையோ முளைத்தன. அப்படி ஒரு பட்டறைக்குத்தான் என் தங்கை பிள்ளை ஊழியம் செய்கிறான். சம்மட்டி பிடிக்கிற ஊழியம் அல்ல, கம்ப்யூட்டர் ஊழியம்.

போன சித்திரையில் நான் போயிருந்தபோது பையன் காலை ஆறு மணிக்கு வீடு திரும்பினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. காப்பியைக்கூடத் தொடவில்லை.

“என்னடா?” என்றேன்.

“வேலை போயிடும் போலிருக்கு மாமா.”

விஷயம் இதுதான். பற்றவைத்த குழாய்களை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி மெள்ள ஆறவிட வேண்டுமாம். அதற்கு அந்தப் பட்டறையில் நாலு உலைகள். ஒவ்வொன்றிலும் தெர்மோகப்பிள் என்னும் வெப்பக் கம்பிகள். அவை விநாடிக்கு ஒரு தரம், எறும்புச் சாரி மாதிரி, எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பையன் எழுதிய புரோகிராம் ஐந்து ஐந்து நிமிஷ எண்களை ஒரு கட்டாகக் கட்டிச் சராசரி பார்த்து, எல்லை தாண்டினால் முதலாளியின் தொலைபேசிக்குத் தகவல் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு 11-40-க்கு இரண்டாவது உலை எல்லை தாண்டியது. தகவல் வந்தது காலை 5-10-க்கு. அதுவும் தனியாக வரவில்லை. ராத்திரி பூராவும் சேர்ந்த தகவல்கள் கோயில் கதவு திறந்தாற்போல் ஒரேயடியாக வந்து விழுந்தன. அதற்குள் குழாய்கள் பாழ். முதலாளி, “இன்னொரு தரம் இப்படி ஆனால் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டார்.

இது போதாதென்று இன்னொரு உபத்திரவம். ஞாயிற்றுக்கிழமைகளில் புரோகிராமே செத்து விழுகிறதாம். “மெமரி லீக் மாமா” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒழுகினால் பாத்திரம் காலியாகத்தானே வேண்டும்? இவர்கள் சீமையில் ஒழுகினால் நிரம்புகிறது! அவன் விளக்கினான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மேலும் மேலும் வாங்கிக்கொண்டே போனால், கடைசியில் கடையில் கரண்டி கூட மிஞ்சாது. அந்த மாதிரி.

பையன் முதலில் செய்த வைத்தியம் எல்லாரும் செய்வதுதான். 2 ஜி.பி. நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கினான். மத்தியானம் செத்தது சாயங்காலம் செத்தது. அவ்வளவே லாபம். பிறகுதான் புத்தி வந்து, சாகிற தறுவாயில் புரோகிராம் தன் வயிற்றில் உள்ளதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தான். மரண வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டு வந்து அதைத்தான் பிரித்தான். நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எண்களைச் சுமந்து வரும் சாதனத்துக்குப் பெயர் ‘காஃப்கா’ என்றான். எழுத்தாளர் காஃப்காவா? அவரேதான். 2011-இல் வெளியான சரக்கு. எழுதி வைக்கிற சாதனம் என்பதால் உண்டாக்கியவர் ஒரு எழுத்தாளர் பெயரை வைத்தாராம். மேலிடத்துப் பதிலுக்காக ஆயுள் பூராவும் காத்துக் கிடக்கும் மனிதர்களைப் பற்றி எழுதியவர் பெயரையா வைக்க வேண்டும்? கணக்குப் போடுகிற சாதனத்துக்கு ‘ஃபிளிங்க்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் சுறுசுறுப்பு என்று அர்த்தம். அதன் சின்னம் அணில். அணிலின் சுறுசுறுப்பைத்தான் காலை 5-10-க்குப் பார்த்தோமே!

வாக்குமூலத்தில் மலைபோல் கிடந்தவை எல்லாம் மூடப்படாத ஐந்து நிமிஷக் கட்டுகள். பையன் நெற்றியில் தட்டிக்கொண்டான். “இது ஒழுக்கே இல்ல மாமா. எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு.”

“எதுக்காக?”

ஒரு எண் பிறந்த நேரம் வேறு, வந்து சேர்ந்த நேரம் வேறு என்று ஆரம்பித்தான். இதற்கு நான் திணறவில்லை. 2022-இல் மேட்டூரில் தண்ணீர் திறந்தது மே 24. கல்லணை திறந்தது 27. காவேரிக் கரையில் பிறந்தவனுக்குத் திறந்த நாளும் வந்த நாளும் வேறு என்று பாடம் நடத்த வேண்டுமா? ஆகவே புரோகிராம் பிறந்த நேரத்தைப் பார்த்துக் கட்டுகிறது. ‘இந்த நேரம் வரைக்கும் உள்ளதெல்லாம் வந்துவிட்டது’ என்று உறுதியான பிறகே கட்டை மூடும். அந்த உறுதிக்கு வாட்டர்மார்க் என்று பெயர். ஆற்றில் நட்ட அளவுக்கல் மாதிரி. நாலு உலைகளுக்கும் நாலு அளவுக்கல். நாலில் எது மிகவும் பின்தங்கியிருக்கிறதோ, அதுதான் எல்லாருக்கும் கணக்கு.

திரையில் பார்த்தான். மூன்று உலைகளின் நேரம் விடியற்காலை வரை ஒழுங்காக நகர்ந்திருந்தது. நாலாவது மட்டும் இரவு 10-20-இலேயே நின்றிருந்தது. அங்கே இரவில் வேலை கிடையாது. ஞாயிறு பூராவும் கிடையாது. அதன் பெட்டி பேசவில்லை. அது பேசாதவரை மற்ற மூன்றும் கத்தின கத்தல் கட்டுக்குள்ளேயே கிடந்தது. தாமதத்துக்கும் காரணம் அது, வயிறு வெடித்ததற்கும் காரணம் அது.

“சுலபம் மாமா! ஒரு உலை ஒரு நிமிஷம் பேசாம இருந்தா, அதைக் கணக்குல சேர்க்காதேன்னு ஒரு வரி எழுதினாப் போதும். அப்புறமா வந்து பழைய எண்ணைக் கொடுத்தா, அதைத் தனி வழியில ஒதுக்கிடலாம்.” கூடவே, கட்டுக்குள் ஒவ்வொரு எண்ணையும் வைத்துக் காப்பானேன், கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் இருந்தால் சராசரி வந்துவிடுமே என்றும் திருத்தினான். முகத்தில் களை வந்துவிட்டது. காப்பி கேட்டான்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

“அந்த உலை சும்மா இருக்கா, செத்துப் போச்சான்னு உன் புரோகிராமுக்கு எப்படிடா தெரியும்?”

“தெரியாது மாமா. ரெண்டும் ஒரே மௌனம்தான்.”

நான் அவனுக்கு வீட்டுக் கதை ஒன்று சொன்னேன். என் அப்பா ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். ஓவர்டைம் என்றால் எப்போது வருவார் என்று தெரியாது; சொல்லி அனுப்ப ஆளும் கிடையாது. அவர் வராமல் அம்மா இலை போட மாட்டாள். நாங்கள் ஐந்து பேர் பசியில் சுருண்டு கிடப்போம். பொறுக்காமல் பாட்டி ஒரு சட்டம் போட்டாள்: “எட்டு மணிச் சங்கு ஊதினா குழந்தைகளுக்குச் சோத்தைப் போடு. அவன் வந்தா தனியா போட்டுக்கலாம்.” நல்ல சட்டம். இரண்டு வருஷம் சௌகரியமாக நடந்தது. ஒரு மார்கழி இரவு சங்கு ஊதியது, சாப்பிட்டோம், தூங்கினோம். விடிகிற சமயம் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். முந்தின சாயங்காலமே அப்பாவின் வலது கை இயந்திரத்தில் மாட்டி மூன்று விரல்கள் போய்விட்டன. ராத்திரி முழுவதும் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்திருக்கிறார். பழைய வழக்கமாக இருந்தால் ஒன்பது மணிக்கே அம்மா தவித்துப்போய் யாரையாவது அனுப்பியிருப்பாள். அன்று அவளும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அதை அவள் கடைசி வரை மறக்கவில்லை.

பையன் சற்று நேரம் பேசவில்லை.

“தாத்தா ஸ்பூன்ல சாப்பிட்டது அதனாலயா மாமா?”

“ஆமாம்.”

உள்ளே என் தங்கை அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு அப்போது நாலு வயது.

அன்று பிற்பகல் பையன் இரண்டு வரி எழுதினான். ஒரு நிமிஷ மௌனத்துக்கு மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டாம் என்பது ஒன்று. இரண்டு நிமிஷ மௌனமானால் அந்த மௌனத்தையே முதல் தகவலாக அனுப்பு என்பது மற்றொன்று. வேலை இல்லாத உலையும் பெட்டியை அணைக்காமல் ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று முதலாளியிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கினான்.

இரவு 10-35-க்குத் தொலைபேசி அலறியது. நாலாவது உலை இரண்டு நிமிஷமாகப் பேசவில்லை. பையன் பட்டறைக் காவல்காரரைக் கூப்பிட்டான். நானும் காதைக் கொடுத்தேன்.

“அதுவா தம்பி? நான்தான் பிடுங்கினேன். இங்க இருக்கிறது ஒரே பிளக்கு. ஃபேன் போடலேன்னா கொசு ஆளைத் தூக்கிட்டுப் போயிடும். காலையில அஞ்சு மணிக்கு மறுபடி மாட்டிடுவேனே, தினம் அப்படித்தானே செய்யறேன்!”

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து காவல்காரருக்கு இன்னொரு பிளக் வைத்துக் கொடுத்தார்.