அவள் பக்கத்து அத்தியாயம்

காதல் ஆபத்தாகத் திரும்பும் கதையை எழுதக் கற்கிறேன் என்று கொடைக்கானலில் யாரிடம் சொன்னாலும் குணா குகைக்குத்தான் வழி காட்டுகிறார்கள். எனக்குக் கற்றுக்கொடுக்கும் அக்கா அங்கே அனுப்பவில்லை. மாத நாவல்கள் கடைகளில் தொங்கிய காலத்தில் எழுதியவர். இப்போது நாயுடுபுரத்தில் இருக்கிறார். "குகையைக் கேமரா பாத்துக்கிடும். நீ அந்தப் பொண்ணைப் பாரு, தம்பி" என்றார்.

சந்தானபாரதி இயக்கிய 'குணா' 1991 தீபாவளிக்கு வந்தது. மனநிலை பிறழ்ந்த ஒருவன், ரோகிணி என்ற பெண்ணைத் தன் கனவின் அபிராமியாகவே நம்பி மலைக்குக் கடத்தி வருகிறான். டெவில்ஸ் கிச்சன் என்று அழைக்கப்பட்டுவந்த பாறைப் பிளவுகள் அந்தப் படத்தால் குணா குகை ஆயின. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் மறுபடியும் கூட்டம். கடத்தியவன் கடத்தப்பட்டவளோடு சேர்ந்து எழுதும் கடிதப் பாட்டை இன்றும் காதலர்கள் பாடுகிறார்கள். அக்கா கொடுத்த பயிற்சி இதுதான்: படத்தை மறுபடி பார், அவன் பேசுவதை விட்டுவிடு, அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் எழுதி வா. அப்படி எழுதிய தாள்களில் வேறொரு கதை இருந்தது. தன் சொந்தப் பெயரால் அழைக்கப்படாத ஒரு பெண்ணின் கதை. பின்பாதியில் அவளும் அவனை நேசிக்கிறாள். அது படம் எடுத்த முடிவு. சஸ்பென்ஸ் எழுதுபவன் அந்த முடிவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும் என்பது என் துணிபு.

அதற்கு முன்பே பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980) இதே போன்ற கதையோடு ஊட்டிக்குப் போனது. ராஜேந்திரகுமார் நாவலின் சாயல் கொண்ட படம். அதிலும் அடைத்துவைப்பவன் மென்மையானவன். அந்த மென்மைதான் நடுங்க வைக்கிறது.

காதல் மிரட்டலாக மாறும் எல்லைக்கோட்டை நம்மவர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். மலை, நள்ளிரவு, கூதிர், காதலரின் கூடல் எல்லாம் குறிஞ்சிக்கு உரியவை. பெண் கிடைக்காவிட்டால் மடலேறுவேன் என்று ஆண் சொல்வதும் அன்பின் ஐந்திணைக்குள் அடங்கும். ஆனால் ஏறியே விட்டால் அது அந்த ஐந்துக்கும் வெளியே நிற்கும் பெருந்திணை என்கிறது தொல்காப்பியம். மடலேறுவது என்பது ஊர் நடுவே தன்னை வருத்திக்கொண்டு அவளை வளைப்பது. மிரட்டல் காதலுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு இலக்கண நூல் கவலைப்பட்டிருக்கிறது! பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக இந்தியச் சட்டம் எழுதியது 2013-இல்தான். மடலேறுவேன் என்ற சொல்லுக்கும் ஏறிவிடும் செயலுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் என் நாவல் முழுவதும் நடக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

எழுத்து உத்திகளை க்ரைம் நாவலாசிரியர்கள் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரைப் படித்தே பழகினேன். இரண்டு தடங்கள் மாறி மாறி ஓடிக் கடைசியில் முட்டிக்கொள்ளும் அமைப்பு, அத்தியாய முடிவில் ஒரு கொக்கி. அக்கா கொக்கிகளைக் குறைக்கச் சொன்னார். பனியையும் எடுத்துவிடச் சொன்னார். கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் மேகம் ஏறிப் பள்ளத்தாக்கை மூடினால் யாருக்கும் பயம் வரும், அதில் எழுத்தாளனுக்கு வேலை இல்லை. "உச்சி வெயில்ல, ஏரிக்கரையில, ஆளுங்க நடுவுல எழுது. அப்பயும் அவளுக்கு உள்ள கை நடுங்கணும்."

அதற்காக விடுதி வரவேற்பறைகளில் உட்கார்ந்து பார்த்தேன். ஆதார் அட்டை கேட்கிறார்கள். என் கதையின் காதலன் இரண்டு பேரின் அட்டைகளையும் நீட்டுகிறான், திரும்ப வாங்குகிறான், இரண்டையும் தன் பர்ஸிலேயே வைத்துக்கொள்கிறான். அவள் கவனிக்கவில்லை. வாசகர் கவனித்தாகிவிட்டது. அப்புறம், சாப்பாட்டுக் கடையில் அவளுக்கும் சேர்த்து அவனே சொல்கிறான். "குளிர்ல உனக்கு இது ஒத்துக்காதும்மா" என்கிறான். மேல்மலைக் கிராமத்தில் ஒரு தனி வீடு, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, "போன் எங்கிட்ட இருக்கட்டும், சார்ஜ் மிச்சமாகும்." ஒவ்வொன்றும் அக்கறைதான். வரிசையாக அடுக்கும்போதுதான் பூட்டு விழுகிறது. ஒரு வாக்கியம் முந்தினாலும் அவன் வில்லனாகிவிடுவான், கதை செத்துவிடும்.

2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அவளைத் தேடிவருபவர்களின் இரண்டாவது தடத்துக்கு அது நல்ல நூல்: பாஸ் அவன் பெயரில் இருக்கிறது, அவள் பெயர் அதில் இல்லை.

இப்போது கடைசி அத்தியாயத்தில் நிற்கிறேன். மலை விளிம்பில் முடிக்கக் கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருக்கிறார். 'குணா' முதல் எத்தனையோ கதைகள் அங்கே முடிந்துவிட்டன. "வத்தலக்குண்டு பஸ்ஸில அவளை ஏத்திவிடு. எறங்கினதும் அவன் அவளோட அம்மா வீட்டுத் திண்ணையில மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான். அம்மா காப்பி கலக்குறாங்க. அதுலருந்து எழுது." அம்மாவை எப்படி நம்ப வைப்பது என்பதைத்தான் இந்த வாரம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.