முகமில்லாத கைகள்

நண்பர் ஒருவர் வீட்டில் சமீபத்தில் ஒரு அரை நிமிஷப் படம் பார்த்தேன். 1990இல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸுக்காக எடுத்த தேர்தல் விளம்பரம். கட்டம்போட்ட சட்டை, வெள்ளைக்காரக் கைகள். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுக் கசக்குகின்றன. அந்த வேலைக்குத் தகுதியானவன் நீதான், ஒதுக்கீட்டுக்காக வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்கிறது ஒரு குரல். முகம் கிடையாது.

எதிர்த்து நின்றவர் ஹார்வி கான்ட். கட்டிடக் கலைஞர். 1963இல் கிளெம்ஸன் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பு மாணவர். பிறகு சார்லட் நகர மேயர். சில கருத்துக் கணிப்புகளில் முந்திக்கூட இருந்தார். முடிவில் ஹெல்ம்ஸுக்கு நூற்றுக்கு 52 சொச்சம், இவருக்கு 47 சொச்சம்.

விளம்பரம்தான் தோற்கடித்தது என்று நண்பர் சாதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1972இல் செனட்டுக்குத் தேர்வாகுமுன் ஹெல்ம்ஸ் ராலே நகரத் தொலைக்காட்சியில் 12 வருஷம் தலையங்கம் வாசித்தவர். ஓட்டுக் கேட்டு வருமுன்பே அந்தக் குரல் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் புகையிலை. 1984இல் கவர்னர் ஜிம் ஹன்ட் எதிர்த்தபோது, வெளியுறவுக் கமிட்டிக்குப் போகாமல் விவசாயக் கமிட்டித் தலைவராகவே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார். புகையிலை பயிரிடுகிறவனுக்குப் புதியவன் எந்தக் கமிட்டியைக் காட்டுவான்? 1990இல் வேறொன்றும் நடந்தது. பெரும்பாலும் கறுப்பர் வீடுகளுக்கு, பதிவில் தவறிருந்தால் சிறைவாசம் என்று பயமுறுத்தும் கார்டுகள் ஒன்றேகால் லட்சம் போயின.

இத்தனைக்கும், நின்ற ஐந்து தேர்தல்களில் ஒன்றில்கூட அவர் நூற்றுக்கு 55ஐத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் சாய்ந்துவிடுவார் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றியிருக்கும். 1996இல் கான்ட் மறுபடி நின்றார். முன்னைவிட அதிக வித்தியாசத்தில் தோற்றார். 2003இல் ஹெல்ம்ஸ் தாமாகத்தான் இறங்கினார்.

இதையெல்லாம் நண்பரிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். சொல்லாதது ஒன்று. இருபத்துமூன்று வயதில் எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. அந்த இடம் யாருக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் நானும் தெரிந்தவன் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். படத்தில் தாள் கசங்கியபோது என் விரல்கள் மடங்கின. நண்பர் கவனித்தாரோ என்னவோ. காபி கொண்டுவர எழுந்து உள்ளே போனார்.