முள் நடுவுக்கு வரட்டும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள தகரக் கொட்டகையில் பதினான்கு ஆண்டுகள் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. 1978-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி. என் அண்ணன் 1984-இல் தம் சம்பளச் சேமிப்பைக் கொண்டு அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். அந்நாளில் அதன் ஓசை தெருமுனையில் கேட்டவுடனே எங்கள் அம்மா அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றிவிடுவார்.

2004-இல் அப்பா மறைந்தார். அடுத்த ஆண்டு பாகப்பிரிவினை நடந்தது. கிணற்றுப் பங்கில் தொடங்கிய பேச்சு தடித்தது. உறவினர் நடுவில் நான், "அப்பாவோட சாவுச் செலவுக்குக்கூடக் கணக்குப் பாத்தவன்தானே நீ" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். அது உண்மையன்று என்பதைச் சொல்லும்போதே அறிந்திருந்தேன். அவர் மறுமொழி கூறாமல் எழுந்து போனார். வீடு என் பங்குக்கு வந்தது. கொட்டகையில் நின்ற வண்டியைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவர் அதனைக் கேட்டு வரவில்லை. நானும் அனுப்பி வைக்கவில்லை. ஊரின் இரு கோடிகளில் இருந்துகொண்டு நாங்கள் பேசாமலே வாழப் பழகிக்கொண்டோம்.

2019-இல் பணி ஓய்வு பெற்றேன். கொட்டகையை ஒழுங்குபடுத்த எண்ணிப் பழைய இரும்புக் கடைக்காரரை அழைத்தேன். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, எடைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. "இது விற்பனைக்கில்லை" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அன்று மாலையே ஒரு ஸ்பானரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வண்டியின் முன் அமர்ந்தேன். இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது. அது அண்ணனுடைய உலகம்.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்து சென்னையில் வளர்ந்த வண்டி. ரெட்டிச் என்னும் ஊரில் 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1955-இல் சென்னையில் இந்தியக் கூட்டாளிகளுடன் சேர்ந்து உற்பத்தியைத் தொடங்கியது. தாயகத்தில் அவ்வண்டிகளின் உற்பத்தி 1970 அளவில் நின்றுபோன பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமின்றி நீடித்ததால், உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறி இறங்குகிறது. அந்த நீண்ட வீச்சினாலேயே புல்லட் விரைவதைவிட நிதானமாக இழுப்பதில் வல்லதாயிற்று.

திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் அடிக்கடி சென்று யோசனை கேட்டேன். "துருப்பிடிச்ச நட்டுகிட்ட பலத்தக் காட்டாதீங்க சார். டீசல் விட்டுட்டு ராத்திரி முழுக்க விடுங்க" என்பார். முதல் வாரமே அவசரப்பட்டு ஒரு போல்டை முறித்துவிட்டேன். உடைந்த துண்டைத் துளைபோட்டு எடுக்க மூன்று நாள் ஆயிற்று. அதன்பின் அவர் சொன்னபடி காத்திருக்கக் கற்றேன். கார்புரேட்டரைக் கழற்றிப் படிந்திருந்த பிசினைக் கழுவினேன். டாங்கின் உட்புறத் துருவை நீக்கினேன். பிஸ்டன் ரிங்குகள், கிளட்ச் தகடுகள், செயின், வயர்கள், பாட்டரி எனப் புதியவை ஒவ்வொன்றாய் வந்தன. இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றினேன். எட்டு மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

2020 பிப்ரவரியில் ஒரு மாலை, எல்லாம் முடிந்ததென்று எண்ணிக் கிக்கரை மிதித்தேன். வண்டி கிளம்பவில்லை. மீண்டும் மிதித்தேன். பத்து, பதினைந்து, இருபது முறை. வியர்வையோடு சினமும் ஏறிற்று. பற்களைக் கடித்துக்கொண்டு முழு வெறியோடு ஒரு மிதி மிதித்தேன். கிக்கர் எதிர்த்திசையில் சீறிவந்து என் காலைத் தாக்கியது. கணுக்கால் வீங்கிப்போய், கட்டுப்போட்டுப் படுக்க நேர்ந்தது.

அண்ணன் தம்பி பேசாவிட்டாலும் என் மனைவியும் அண்ணியும் ஒருநாளும் பேச்சை நிறுத்தியதில்லை. மூன்றாம் நாள் அந்தி வேளையில் கொல்லைப்புறக் கதவு திறந்தது. அண்ணன் உள்ளே வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. என் காலைப் பார்க்கவில்லை; கொட்டகைக்குச் சென்று வண்டியை நெடுநேரம் பார்த்தார். நான் நொண்டிக்கொண்டே அவர் பின்னால் போய் நின்றேன்.

"முள்ளு நடுவுக்கு வந்துச்சா, பாத்தியா?" என்றார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

"எந்த முள்ளுண்ணே?"

"அதக்கூடப் பாக்காமத்தான் மிதிச்சியா?"

ஹெட்லைட்டின் மேற்புறத்தில் பதித்திருக்கும் அம்மீட்டரைக் காட்டினார். சாவியைத் திருப்பி, கையாலேயே கிக்கரை மெல்ல அழுத்தினார். முள் ஒரு பக்கம் சாய்ந்து, பின் நடுவுக்கு வந்து நின்றது. அந்தக் கணத்தில் பாயின்ட் திறக்கிறது. பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியை நெருங்கியிருக்கிறது என்று விளக்கினார். அப்போது இடக்கைப் பக்கமுள்ள டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சற்றே இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகே ஒரே சீராக மிதிக்க வேண்டும். பலம் தேவையில்லை, இடம் அறிந்தால் போதும்.

"ஆனா இது மட்டும் காரணமில்ல" என்று சொல்லி டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். அதனுள்ளே இரு சிறு எடைகள் உண்டு. எஞ்சின் வேகம் கூடும்போது அவை விலகித் தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்யும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் அவை விலகிய நிலையிலேயே நின்றுபோயிருந்தன. கிரீஸ் காய்ந்து கல்லாய் இறுகியிருந்தது. அதனால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னரே தீ பற்றி, அதனைப் பின்னோக்கித் தள்ளியிருக்கிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கடைசியாக ஓடியபோது இருந்த வேகத்திலேயே அது உறைந்து நின்றிருக்கிறது என்று தோன்றியதும், என்னால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அவர் பழைய கிரீஸை டீசல் தோய்த்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்திருந்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புண்ணே. பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன்.

அவர் கை சிறிது நேரம் அசையாமல் நின்றது. பிறகு, "டார்ச்ச நேராப் பிடிடா" என்றார்.

அன்றிரவு வண்டி இரண்டாம் மிதியில் கிளம்பியது. அந்த ஓசையைக் கேட்டு என் மனைவி, யாரும் சொல்லாமலே, தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள்.

பதிவுப் புத்தகம் அண்ணன் பெயரில் இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எம் பேருலயே இருக்கட்டும். நீ ஓட்டு" என்றார். 2025-இல் மறுபடியும் புதுப்பித்தபோதும் வந்து கையொப்பமிட்டார். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தம்மிடம் நான் வரவேண்டும் என்றே அப்படிச் சொன்னாரோ என்று இப்போது நினைக்கிறேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சிறுமலைக்குப் போகிறோம். பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். இந்த வண்டியில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் என எல்லாம் இக்கால வழக்கத்துக்கு மாறாக இருப்பதால், நான் தடுமாறும்போதெல்லாம் பின்னாலிருந்து அண்ணன் என் தோளை அழுத்துவார். திரும்புகையில் இரு வீட்டுக்கும் மலைவாழைப்பழம் வாங்கிவருவோம்.

புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்கிறேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.