வேண்டாம் என்றவர்களின் பக்கம்

அத்தை முறுக்கு சுடுவது பெஸ்தாரி ஜெயாவில். பலகையில் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அவருக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான்களுக்குச் சிதறிய பிறகு அவர் கையில் மிஞ்சிய தொழில் இது. தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில் வரும் காசில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வீட்டுக்கடன் பாக்கியும் ஓடும்.

ஒரு வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. தெரிந்தவர்களுக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லியாகிவிட்டது. புது ஆட்கள் வேண்டும். "நீதான் கம்ப்யூட்டர்லயே கெடக்குறியே, ஏதாச்சும் பண்ணுடா" என்றார்.

பண்ணினேன். அந்தச் சமயத்தில் நான் ஒரு கோயிலில் ரசீது வேலைக்கு ஒத்தாசையாக இருந்தேன். அன்னதானத்துக்கும் உபயத்துக்கும் பணம் கொடுத்தவர்களுக்கு மின்னஞ்சலில் ரசீது அனுப்புவது என் பொறுப்பு. 412 முகவரிகள். கிள்ளான், ஷா ஆலாம், ஈப்போ, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ போய்விட்ட பழைய தோட்டத்துப் பிள்ளைகள். ஊர் ஞாபகம் உள்ளவர்கள், கையில் காசும் உள்ளவர்கள். இதைவிட நல்ல பட்டியல் எங்கே கிடைக்கும்? யாரையும் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு, அத்தை முறுக்குப் பிழியும் படத்தோடு 412 பேருக்கும் அனுப்பினேன்.

இரண்டே நாளில் 19 ஆர்டர். அத்தை கூடுதலாக உளுந்து வாங்கிப் போட்டார். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

மூன்றாம் நாள் ஒரு பதில் வந்தது. கோபமாகக்கூட எழுதியிருக்கவில்லை. 'இது என் அப்பாவின் முகவரி. கோயில் ரசீது வர வேண்டும் என்பதற்காகவே நான் திறந்து கொடுத்தேன். வேறு யாருக்கும் அவர் இதைக் கொடுத்ததில்லை. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். அப்பா பெயருக்கு ஏதோ வந்திருக்கிறதே என்று திறந்தேன். முறுக்கு.'

கடைசியில் ஒற்றைச் சொல்லாக நின்ற அந்த 'முறுக்கு' என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முகவரி என்பது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பார்த்துப் பிரித்துக் கொடுத்தால் உண்டு. வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. அப்படி வாழ்ந்த ஒரு மனிதருக்கு, அவர் பெயரிலேயே, அவர் மட்டும் திறக்கக்கூடிய முதல் தபால்பெட்டி அந்த மின்னஞ்சலாக இருந்திருக்கலாம். அதை அவர் நம்பிக் கொடுத்தது சாமி காரியத்துக்கு. நான் அதில் வியாபாரம் பண்ணினேன்.

குற்ற உணர்ச்சியில்தான் படிக்கத் தொடங்கினேன். 1978 மே 3ஆம் தேதி, அமெரிக்காவில் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துயர்க், அர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உலகின் முதல் குப்பை அஞ்சல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவருக்கும் முகவரிகள் அச்சிட்ட ஒரு பட்டியலில் இருந்துதான் கிடைத்தன. பலர் திட்டினார்கள், சிலர் வாங்கவும் செய்தார்கள். என் கதையேதான். சிலர் வாங்குகிறார்கள் என்பதுதான் இதில் உள்ள வம்பு. 19 ஆர்டர் கண்ணுக்குத் தெரிகிறது. மீதி 393 பேர் என்ன நினைத்தார்கள் என்பது தெரிவதில்லை.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் விவரத்தை எந்தக் காரியத்துக்கு வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அந்தக் காரியத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும். 43ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் நிறுத்தியாக வேண்டும். வியாபாரம் பெரியதா, அடுப்படி அளவா என்ற கணக்கு இதில் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டுமாம். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அத்தைக்கும், அவரிடம் வாங்கும் பாட்டிகளுக்கும் அதை வாயால் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், ஜிமெயிலே கண்டிப்பாகிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும். 'குப்பை' என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. அத்தை அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 412 பேரில் இரண்டு பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே அந்த அளவைத் தாண்டிவிடும்.

இதை எல்லாம் அத்தையிடம் விளக்கப் போனேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்குப் போன் போட்டியா?"

"இல்ல அத்தை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன்."

"எழுதுனியா? எழுதுனதுலதான வந்துச்சு வம்பே."

பதிலின் அடியில் கைப்பேசி எண் இருந்தது. அத்தையே கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று முழுசாகத் தெரியாது. நான் வெளியே ஐந்தடியில் நின்றேன். "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் நெடுநேரம் இவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்து உட்கார்ந்து சொன்னார்: "ரொட்டிக்காரன் லயத்துக்கு வருவான்ல, ஹாரன் அடிச்சிக்கிட்டு. வேணுங்கிறவங்க வெளிய வருவாங்க. பச்சப்புள்ள தூங்குற வீடுன்னு சொல்லிட்டா அந்த வாசல்ல மட்டும் அடிக்கமாட்டான். மறுநாளும் அடிக்கமாட்டான். அவனுக்கு யாரு சட்டம் சொல்லிக் கொடுத்தா?"

எனக்குப் பதில் இல்லை. கோயில் பட்டியலை என் கணினியிலிருந்து அழித்தேன். நிர்வாகத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். ரசீது வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அது நியாயம்தான். அந்த 19 ஆர்டரையும் அத்தை செய்து கொடுத்தார், காசை வாங்கிக்கொண்டார். "அதைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமையில நான் இல்லடா" என்றார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மறு வருஷம் அவர் ஒரு 555 புத்தகம் வாங்கினார். மளிகைக்கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம். முறுக்கு வாங்க வருகிறவர்களிடம் அவரே கேட்பார்: "அடுத்த தீவாளிக்குச் சொல்லி அனுப்பவா? வருஷத்துக்கு ரெண்டு தடவதான். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க." சரி என்றவர்கள் தங்கள் கையாலேயே முகவரியை எழுதினார்கள். 61 பேர் சேர்ந்தார்கள். நான் அனுப்பும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே யார், எந்த ஊர், எப்போது நீங்கள் முகவரி கொடுத்தீர்கள் என்று இருக்கும். கடைசி வரி, நிறுத்தச் சொல்வது எப்படி என்று.

61 பேரை வைத்துக்கொண்டு பழைய வருமானம் வரவில்லை. பசார் மாலாமில் ஒரு மேசை போட்டுத்தான் சமாளித்தார். இப்போதும் கஷ்டம்தான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து, அங்கிருந்து இன்னொரு பட்டியலும் எழுதச் சொன்னார். நிறுத்தச் சொன்னவர்கள். "அழிச்சுட்டாப் போதாதா?" என்று கேட்டேன். அழித்தால் மறந்துபோகும், மறுபடி எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும், அப்புறம் அந்த வாசலில் போய் ஹாரன் அடிப்போம் என்றார். பெரிய நிறுவனங்களும் இப்படி ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கின்றன என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் இப்போது ஏழு முகவரிகள் இருக்கின்றன. முதல் முகவரியை மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு எழுதினோம்.