ஓர் இடம், இரண்டு எஞ்சினியர்கள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் மூன்று வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தார். "கவிதை மட்டும் வேணாண்டா. அம்மாவைப் பத்தி பதினேழு வந்திருக்கு, காதலைப் பத்தி வந்ததை எண்ணவே முடியல. நீ பந்து போடுறவன்தானே, அதைப் பத்தி எழுது" என்றார். எனவே இது கிரிக்கெட் பற்றிய கட்டுரை. கிரிக்கெட் பிடிக்காதவர்கள், முக்கியமாக எங்கள் துறையின் கபடி வீரர்கள், நேராக ஜோக்குப் பக்கத்துக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நாலாவது செமஸ்டர். மெஷின் ஷாப் பிராக்டிக்கல் எந்தத் தேதியோ, அதே தேதியில்தான் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான மண்டலப் போட்டியின் அரையிறுதியும் வந்தது. பேட்ச் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் பரீட்சைக்குத்தானே போக வேண்டும்? அந்தப் பயம். காலையில் ஷூவைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி அம்மாவிடம் விபூதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். 8 ஓவர் போட்டு 3 விக்கெட் எடுத்தேன். ஆனாலும் தோற்றோம். மார்க் ஷீட்டில் 'ஆப்சென்ட்' என்று வந்தது.

அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி ஓடி வருமே, அதன் பக்கத்தில் நின்று செய்கிற வேலை. ரிசல்ட் வந்த அன்று நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"மேட்ச் ஜெயிச்சீங்களா?"

"இல்லப்பா."

"அப்ப ரெண்டும் போச்சா?"

அவ்வளவுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் பி.டி. சார் ஒருநாள் கிரவுண்டில் கூப்பிட்டார். "ஏண்டா, ஆஃப் ஸ்பின் போடுற, எஞ்சினியரிங் படிக்கிற. வெங்கட்ராகவன் தெரியுமா உனக்கு?" என்றார். "பழைய அம்பயர்தானே சார்?" என்று கேட்டேன். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

எஸ். வெங்கட்ராகவன் 73 டெஸ்ட்டுகளில் அம்பயராக நின்றவர் என்பது உண்மைதான். ஆனால் அது அவர் வாழ்க்கையின் பின்பாதி. முன்பாதியில் அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த சென்னைப் பையன். 1945 ஏப்ரலில் பிறந்தவர். 1965 பிப்ரவரி 27ஆம் தேதி நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடினார். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்தொன்பது! நம்மில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுடைய வயது. அந்த வயதில் நான் ஆப்சென்ட் வாங்கினேன். அவர் அடுத்த மாதமே டெல்லி டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 80 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். ஒரே மேட்ச்சில் பன்னிரண்டு. அதற்கு முன் நடந்த மூன்று டெஸ்ட்டும் டிரா. டெல்லியில் ஜெயித்ததால் தொடரே பட்டோடியின் அணிக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவர் முதல் டெஸ்ட் ஆடிய இடம். அது சேப்பாக்கம் அல்ல. சென்ட்ரல் பக்கத்தில், பெரியமேட்டில் இருக்கிற நேரு ஸ்டேடியம். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றும் சொல்வார்கள். அப்போது சென்னையில் டெஸ்ட் அங்கேதான் நடந்தது. நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கல் எங்கே போய் நிற்கிறது? மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில். இறங்கி நடந்தால் அந்த ஸ்டேடியம்! 1993இல் புதிதாகக் கட்டப்பட்டு இப்போது அது கால்பந்துக்கு ஆகிவிட்டது. எத்தனை தடவை அதன் பக்கமாக நடந்திருப்பேன், ஒன்றுமே தெரியாமல்.

இந்தக் கதையைக் கேட்டதும் ஒரு மாதம் நான் வெங்கட்ராகவனாகவே நடமாடினேன். விளையாட்டு விழாக்களுக்கு வருகிற சிறப்பு விருந்தினர்களும் இதையேதான் சொல்வார்கள். "படிப்பும் விளையாட்டும் இரு கண்கள். ஸ்ரீகாந்தைப் பாருங்கள், கிண்டியில் எலெக்ட்ரிகல் படித்தவர், 1983 உலகக் கோப்பை ஃபைனலில் அவர் அடித்த 38தான் மேட்ச்சிலேயே அதிக ஸ்கோர். அஸ்வினைப் பாருங்கள், எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்தவர், 537 டெஸ்ட் விக்கெட்." நாமும் கை தட்டுவோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் இந்த வரிசையில் இன்னொரு எஞ்சினியர் இருக்கிறார். அவருடைய கதையைச் சிறப்பு விருந்தினர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் எரப்பள்ளி பிரசன்னா. பெங்களூர்க்காரர். மைசூர் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஞ்சினியரிங்கில் படித்தவர். அவரும் ஆஃப் ஸ்பின்னர்! அவரும் முதல் டெஸ்ட் ஆடியது அதே நேரு ஸ்டேடியத்தில்தான், 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது 21. உடனே வெஸ்ட் இண்டீஸ் பயணம். ஐந்து டெஸ்ட்டிலும் இந்தியா தோற்ற பயணம் அது. அங்கே கிங்ஸ்டனில் ஒரு டெஸ்ட் ஆடினார். திரும்பி வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பந்தை மூலையில் வைத்துவிட்டு, பாதியில் நின்ற எஞ்சினியரிங்கை முடிக்கப் போய்விட்டார். அடுத்த டெஸ்ட் ஆடியது 1967 ஜனவரியில், சேப்பாக்கத்தில். நடுவே ஐந்து வருடம்.

அந்த ஐந்து வருடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். நமக்கு ஒரு செமஸ்டர் லீவு முடிந்து வந்தாலே விரல் பந்தில் சரியாக உட்காராது. ஆஃப் ஸ்பின் என்பது ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் இருக்கிற வித்தை. அந்தக் கணு காய்த்துக் கெட்டியாக வேண்டும், விட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். (ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் பிடித்துக் காய்ப்பது உள்ளங்கை. அதனால் பவுலிங்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன்.) இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு வரை, ஒரு விளையாட்டுக்காரனின் நல்ல வயசு அத்தனையும் போனது. அதைவிடப் பெரிய விஷயம், அவர் விட்டுப்போன இடம் அவருக்காகக் காலியாகக் காத்திருக்கவில்லை. அவர் இல்லாத அந்தக் காலத்தில்தானே 1965இல் கிண்டிப் பையன் வந்து டெல்லியில் பன்னிரண்டு விக்கெட் எடுத்தார்!

ஒரு எஞ்சினியர் படிக்கப் போனபோது இன்னொரு எஞ்சினியர் உள்ளே வந்துவிட்டார். இரண்டு பேரும் ஆஃப் ஸ்பின். டீமில் ஒரு ஆஃப் ஸ்பின்னருக்குத்தான் பெரும்பாலும் இடம். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் இந்த இழுபறிதான். பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் என்று நான்கு பேரையும் சேர்த்தே ஊரெல்லாம் சொல்லும். ஆனால் நான்கு பேரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967 ஜூலையில் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில். அதிலும் தோற்றோம். மற்றபடி ஒருவர் உள்ளே என்றால் பெரும்பாலும் மற்றவர் வெளியே.

பிரசன்னா திரும்பி வந்ததும் 1967-68இல் ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்ட்டில் 25 விக்கெட், நியூசிலாந்தில் நான்கு டெஸ்ட்டில் 24 விக்கெட் எடுத்தார். இந்தியா வெளிநாட்டில் முதன்முதலாக ஒரு தொடரை ஜெயித்தது அந்த நியூசிலாந்தில்தான். 20 டெஸ்ட்டில் அவர் 100 விக்கெட்டைத் தொட்டார். அந்த வேகத்தைத் தாண்ட 2013 வரை இந்தியாவில் ஆள் வரவில்லை. 18 டெஸ்ட்டில் தாண்டியவர் அஸ்வின், அவரும் எஞ்சினியர், அவரும் ஆஃப் ஸ்பின்! ஆனால் 1971இல் வெஸ்ட் இண்டீஸுக்குப் போனபோது வைஸ் கேப்டன் வெங்கட். அந்தத் தொடரில் 22 விக்கெட் எடுத்தார். 1975, 1979 உலகக் கோப்பைகளில் கேப்டனும் அவரே. கடைசிக் கணக்கு: பிரசன்னா 49 டெஸ்ட், 189 விக்கெட். வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட். யார் பெரியவர் என்று கேட்டால் எங்கள் ஹாஸ்டலில் அடிதடியே நடக்கும். என் ஓட்டு பிரசன்னாவுக்கு. பி.டி. சார் மன்னிக்கவும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டே ஒரு தனி உலகம் என்கிறார்கள். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையால் எறிகிற குவார்ட்டர்பேக்தான் ஹீரோ. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாமாம்! அங்கே படித்த டாம் பிராடி, முதல் வருடங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், 2000ஆம் ஆண்டு தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது 199ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு ஏழு முறை சூப்பர் பவுல் ஜெயித்தார். நம்ம மண்டல அரையிறுதிக்கு வந்த கூட்டம் எவ்வளவு? இரண்டு டீம், இரண்டு பி.டி. சார், ஒரு ஐஸ் வண்டி, நாலைந்து மாடு.

இதை வேடிக்கைக்காகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 1935 முதல் ரோஹின்டன் பாரியா கோப்பை என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடப்பது. டிப்ளமோக்காரன் பல்கலைக்கழக மாணவன் இல்லை, அதனால் நமக்கு அந்த வாசல் கிடையாது. கிண்டியில் படிக்கிறவனுக்குச் சேப்பாக்கம் பஸ் தூரம். நமக்கோ கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று, கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே நெட்ஸ் முடிந்து பாயைச் சுருட்டிவிடுவார்கள். இரு கண்கள் என்பவர்கள் இந்த வண்டியில் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அரியரை எழுதி முடித்துவிட்டேன். டேப்பர் டர்னிங், த்ரெட் கட்டிங் இரண்டும் ஒரே ஜாபில் வந்தது. கடைசி த்ரெட்டில் டூல் முனை உடைந்து மனசு நின்றுபோய், மாற்றி வைத்துத் திரும்பப் பிடித்து முடித்தேன். பாஸ். அப்பாவிடம் சொன்னபோது, "சரி, பந்து?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

பந்துக்கும் ஒரு வழி வந்தது. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஆடுகிற ஒரு டீமின் ஆள் என் பவுலிங்கைப் பார்த்துவிட்டு, வாரம் நான்கு நாள் காலை ஆறு மணிக்கு நெட்ஸுக்கு வரச் சொன்னார். ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். எட்டரைக்கு இங்கே முதல் ஹவர். நடக்கிற காரியமா? இது கடைசி செமஸ்டர். புராஜெக்ட் இருக்கிறது, சிப்காட் கம்பெனிகள் டிரெயினி எடுக்க வருகிற நேரம். இந்த முறை ஷூவை மறைத்து வைக்கவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் யோசித்து, "உனக்கு எது விட்டா திரும்பக் கிடைக்கும்னு பாரு" என்றார். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பிரசன்னாவுக்கும் 1962இல் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை வண்டி ஏறிப் போய் அந்த டீம் ஆளை நேரில் பார்த்தேன். "அண்ணே, இப்ப வர முடியாது. பரீட்சை முடிஞ்சதும் வர்றேன். அப்ப எடுத்துப்பீங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் ஓடுவதை விட்டாயிற்று.

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் பையன் வர்றான் தம்பி, பி.இ. படிக்கிறான். இடம் இருந்தா பாக்கலாம்."

திரும்பும்போது நேரு ஸ்டேடியம் பக்கமாகத்தான் நடந்து வந்தேன். கேட் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டதால் ஓடினேன். ஜன்னல் சீட் கிடைத்தது. பையில் பழைய பந்து ஒன்று எப்போதும் இருக்கும். எண்ணூர் வரைக்கும் அதை விரலில் சுற்றிக்கொண்டே வந்தேன். அதன் பிறகு புராஜெக்ட் டிராயிங்கை எடுத்து மடியில் விரித்தேன். டைமென்ஷன் இன்னும் பாதி போடவில்லை.