கல் எடுத்த பின்...

தச்சநல்லூர், நெல்லை மாநகரின் வடக்கு வாயிலாக விளங்கும் ஊர். இங்கிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் தாழையூத்து. 1949ஆம் ஆண்டு முதல் அங்கே சிமெண்ட் ஆலை இயங்கி வருவதற்குக் காரணம், அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லே. தெற்கே சென்று, 1843இல் எழுந்த சுலோசன முதலியார் பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து, மேலப்பாளையத்துக்கும் அப்பால் போனால் முன்னீர்பள்ளம். அப்பக்கமெல்லாம் கட்டடக் கல்லும் ஜல்லியும் தரும் பாறைகள். நாம் குடியிருக்கும் வீடுகள் இத்தகைய நிலங்களிலிருந்தே எழுந்தன. எடுத்த இடத்தில் எஞ்சுவது குழி ஒன்றே.

முன்னீர்பள்ளத்தை அடுத்த அடைமிதிப்பான்குளத்தில், சுமார் 300 அடி ஆழமுள்ள கல்குவாரியில், 2022 மே 14ஆம் நாள் இரவு பாறை சரிந்தது. சிக்கிய ஆறு தொழிலாளருள் நால்வர் மாண்டனர். அதன்பின் மாவட்டத்துக் குவாரிகள் ஆய்வு செய்யப்பட்டன. பலவற்றில் பணி நிறுத்தப்பட்டது.

பணி நின்றால் ஆபத்தும் நின்றுவிடுமா? குழியின் பக்கங்களைப் படிப்படியாக வெட்டாமல் செங்குத்தாக விட்டால், வேலை நடக்கும்போது தொழிலாளிக்கு ஆபத்து. வேலை நின்று மழைநீர் தேங்கியபின், ஆடு மேய்ப்பவருக்கும் நீந்தச் செல்லும் சிறுவனுக்கும் ஆபத்து.

சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கு, சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்கூட்டியே அளிக்கவேண்டுமென மத்திய அரசின் விதிகள் 2003 முதல் வற்புறுத்துகின்றன. அதற்கு நிதி உத்தரவாதமும் உண்டு. கட்டடக் கல்லோ சிறுகனிமம். அதற்கு விதி வகுக்கும் பொறுப்பை 1957ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசிடம் ஒப்படைத்துள்ளது. சுரங்கப்பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்கவேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கட்டளையிட்டது.

கைவிடப்பட்ட குழியும் பயன்படும் என்பதற்குச் சென்னையே சான்று. 2017ஆம் ஆண்டு வறட்சியில், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துப் பழைய கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து நகர மக்களுக்கு வழங்கினர். ஆனால் எல்லாக் குழியும் தானாகவே குளமாகிவிடாது. கரையைச் சரிவாக்கி, வேலியிட்டு, நீரைப் பரிசோதித்து, மரம் நட்டு ஆளாக்கவேண்டும்.

ஆகவே, குவாரிக்கான பொதுக் கருத்துக் கேட்பு நம் பகுதியில் நடைபெறும்போது, குடும்பத்தலைவர்களும் தாய்மார்களும் தவறாது செல்லவேண்டும். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், கல் எடுத்த பின் இந்தக் குழியை யார் மூடுவார், யார் செலவில் மூடுவார் என்றும் கேட்கவேண்டும். தோண்டும் முன் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். தோண்டிய பின் கேட்டால் குழி மட்டுமே மிஞ்சும்.