ஹமாமட்சுவில் நிற்குமா?

ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள் என்றதும் ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "ஊறுகாய் பாட்டில் ரெண்டு எடுத்துக்கோப்பா, அங்கே எல்லாம் சப்புனு இருக்கும்" என்றார் அக்கவுண்ட்ஸ் பெரியவர். "கிழிசல் இல்லாத ஸாக்ஸா பார்த்து வாங்குங்க, எங்கே போனாலும் ஷூவைக் கழட்டணும்" என்றாள் டைப்பிஸ்ட். எனக்கோ வேறு கவலை. டோக்கியோவில் இறங்கி ஹமாமட்சு என்ற ஊருக்கு ரயிலில் போக வேண்டும். தனியாக.

எனவே ஜப்பானிய பாஷை கற்கத் தீர்மானித்தேன். முழு பாஷையும் வேண்டாம், ரயில் பாஷை போதும். தினமும் தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் தொங்கியபடி பத்து வார்த்தை. மூன்று வாரத்தில் நான் ஒரு நடமாடும் டைம்டேபிள்!

ஜப்பானில் ரயில்களுக்கு ஜாதகம் உண்டு. அடிமட்டத்தில் 'ஃபுத்ஸூ'. சாதாரணம் என்று அர்த்தம். நம் பாசஞ்சர். 'ககுஎகி தெய்ஷா' என்றாலும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்பது. அதற்கு மேலே 'கைசோக்கு', சில ஸ்டேஷன்களைத் தாண்டிப் போவது. அடுத்து 'க்யூகோ', எக்ஸ்பிரஸ். ஜே.ஆர். ரயில்களில் தினசரி ஓடிய கடைசி க்யூகோ 2016-ல் நின்றுவிட்டது. இப்போது தனியார் ரயில்களில்தான் அந்தப் பெயர் உயிரோடு இருக்கிறது. உச்சியில் 'தொக்யூ'. 'தொகுபெத்ஸு க்யூகோ' என்பதன் சுருக்கம், அதாவது விசேஷ எக்ஸ்பிரஸ். ஜே.ஆர். தொக்யூவில் ஏற இரண்டு டிக்கெட் வேண்டும். தூரத்துக்கு 'ஜோஷாகென்', வேகத்துக்கு 'தொக்யூகென்'. வேகத்தைத் தனியாக விற்கிறார்கள், ஸார்!

'க்யூ' என்றால் அவசரம். அதை எழுதும் சித்திர எழுத்தின் அடிப்பாகம், 'மனசு' என்பதற்கான எழுத்து. அவசரம் மனசின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது ரசித்தேன். பிற்பாடு அனுபவித்தேன்.

டோக்கியோ ஸ்டேஷன். காலை எட்டரை. பத்தரைக்கு மீட்டிங். எங்கள் கம்பெனி சாம்பிளை அவர்கள் ஓகே செய்தால் ஆர்டர். இல்லாவிட்டால் நான் ஊருக்குத் திரும்பாமலே இருப்பது உத்தமம். கையில் 'ஜியூஸெகி' டிக்கெட். அன்ரிஸர்வ்டு.

ஒஸாகா பக்கம் போகும் ஷின்கான்ஸென் ரயில்களில் மூன்று வகை. 'கொதாமா' என்றால் எதிரொலி, 'ஹிகாரி' என்றால் வெளிச்சம். இரண்டும் அந்தப் பாதை திறந்த 1964-லிருந்து இருப்பவை. 1992-ல் வந்தது 'நொஸோமி', நம்பிக்கை. ஒலியைவிட வெளிச்சம் வேகம், வெளிச்சத்தைவிட நம்பிக்கை வேகம்! அன்ரிஸர்வ்டு டிக்கெட் மூன்றுக்கும் ஒரே விலை.

ஒரே விலைக்கு வேகமானது இருக்கும்போது எவனாவது மெதுவானதில் ஏறுவானா? நொஸோமியில் ஏறினேன். ஜன்னல் ஸீட். மடியில் 'எகிபென்', ரயில்வே டப்பா சாப்பாடு. ஆங்கிலத்திலும் அறிவிப்பு வந்தது. மூன்று வாரம் ஜப்பானியம் படித்தவனுக்கு ஆங்கிலம் எதற்கு? காதில் வாங்கவில்லை.

ஷின் - யோகோஹாமா தாண்டியதும் ஒலிபெருக்கி, "த்ஸுகி வா நகோயா" என்றது.

புரிந்துவிட்டது! த்ஸுகி என்றால் அடுத்தது. அடுத்த ஸ்டேஷன் நகோயா. ஜப்பானிய மொழியில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம். அரை நிமிஷம் பெருமை. அப்புறம்தான் அடிவயிற்றில் சில்லிட்டது. நகோயா, ஹமாமட்சுவுக்கு நூறு கிலோமீட்டர் அப்பால்!

கண்டக்டரைப் பிடித்தேன். "ஹமாமட்சு?" என்று டிக்கெட்டை நீட்டினேன். இரண்டு ஆள்காட்டி விரலையும் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார், மிகுந்த துக்கத்துடன்.

வலது பக்கம் ஃப்யூஜி மலை வந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நான் வாட்சைப் பார்த்தேன். சற்று நேரத்தில் ஹமாமட்சுவும் வந்தது, போனது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் முகம்கூடத் தெரியவில்லை. மணிக்கு 285 கிலோமீட்டர் வரை போகிற வண்டி, எனக்காகவா நிற்கும்?

பத்து பத்துக்கு நகோயா. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு மௌனம். பிறகு, "கவனமாக வாருங்கள்." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்டேஷன்காரர் என் டிக்கெட்டில் ஒரு முத்திரை குத்தினார். 'கோஜோ'. தவறி ஏறியவர் என்று அர்த்தம். அபராதம் கேட்காமல் திருப்பி அனுப்பினார். என் பட்டியலில் இல்லாத வார்த்தை அது.

பிளாட்பாரத்தில் ஒரு கொதாமா நின்றிருந்தது. இந்தத் தடவை விடுவேனா? பக்கத்திலிருந்த பாட்டியிடம், தெரிந்த வார்த்தைகளைத் தமிழ் வரிசையிலேயே அடுக்கினேன். "கோனோ ஷின்கான்ஸென் வா ஹமாமட்சு நி தோமாரிமாஸ் கா?"

கோனோ - இந்த. ஷின்கான்ஸென் - ரயில். ஹமாமட்சு நி - ஹமாமட்சுவில். தோமாரிமாஸ் - நிற்கும். கா - அந்தக் கடைசி 'ஆ'. இந்த ரயில் ஹமாமட்சுவில் நிற்குமா? நடுவே வரும் 'வா'வுக்கு மட்டும்தான் நம்மிடம் ஜோடி இல்லை. மற்றபடி ஒரு வார்த்தை இடம் மாறவில்லை!

"தோமாரிமாஸ்" என்றாள் பாட்டி, சிரித்துக்கொண்டே. நிற்கும்.

ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். என் முறை போயே போய்விட்டது. மாலை நாலு மணிக்குப் பத்தே நிமிஷம் கொடுத்தார்கள். தயாரித்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு சாம்பிளை மட்டும் மேஜையில் வைத்தேன். சின்ன ஆர்டர்தான், கிடைத்தது.

திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். வேகத்துக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் மனப்பாடம் செய்தேன். நம்மூரில் விழுப்புரம் பஸ்ஸில் ஒரு காலை வைக்குமுன் என்ன கேட்போம்? "வேகமா போகுமா"ன்னா கேட்கிறோம்? "அண்ணே, திண்டிவனம் நிக்குமா?"

பிறந்ததிலிருந்து கேட்டு வரும் கேள்வி. டோக்கியோவில் மட்டும் கேட்கத் தோன்றவில்லை.